போட வேண்டாத கணக்கு

ஒரு நிறுவனத்தின் விற்பனை வருவாய் போன ஆண்டைவிட 20 சதவீதம் கூடியிருக்கிறது. செலவு 10 சதவீதம் கூடியிருக்கிறது. லாபம் எத்தனை சதவீதம் கூடியிருக்கும்?

புது பேட்ச் தொடங்கும் அன்று இதைப் பலகையில் எழுதிவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன். பாதி வகுப்பு "பத்து" என்னும். இருபதில் பத்து போனால் பத்து. கொஞ்சம் தயங்குகிறவர்கள் "முப்பதா மேடம்?" என்பார்கள். கடைசி பெஞ்சில் யாராவது ஒருவர் "இதை வச்சு சொல்ல முடியாதே" என்று முனகுவார். நான் அவர் பக்கம் திரும்பியதும் மிரண்டுபோய், "இல்ல மேடம், எனக்குத் தெரியல" என்று மாற்றிக்கொள்வார். அவர் முதலில் சொன்னதுதான் சரியான விடை. அதைத் தைரியமாகச் சொல்லவைப்பதுதான் என் வேலை.

மதுரையில் வங்கித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். சில ஆண்டுகளாக வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்கப் போகிறவர்களுக்கு ஜிமேட் தேர்வுக்கும் ஆன்லைனில் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னிடம் தள்ளிவிடப்படும் பாடம் டேட்டா சஃபிஷியன்சி. மற்ற ஆசிரியர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஒரு கேள்வி இருக்கும், அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். விடை என்ன என்று கேட்கமாட்டார்கள். விடை கண்டுபிடிக்க முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியாக ஒவ்வொன்றுமே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் ஆகுமா, இரண்டும் சேர்ந்தும் ஆகாதா, இவ்வளவுதான் கேள்வி. ஒரு கணக்கைப் போட்டு முடித்து அடிக்கோடு போடுகிற சுகம் இதில் கிடையாது. பலகையில் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். கணக்கு வாத்தியார்களுக்கே அது கை வராது.

இதிலும் லாபத்தின் சதவீத மாற்றத்தைக் கேட்கும் கேள்விகள் தனி இனம். அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பலகைக் கேள்விக்கு வருகிறேன். போன ஆண்டு வருவாய் 100, செலவு 80 என்று வைத்தால் லாபம் 20. இந்த ஆண்டு வருவாய் 120, செலவு 88, லாபம் 32. ஏற்றம் 60 சதவீதம். செலவு 50 என்று வைத்தால் லாபம் 50. இந்த ஆண்டு 120இல் 55 போக 65. ஏற்றம் 30 சதவீதம். செலவு 90 என்றால் லாபம் 10இலிருந்து 21 ஆகிறது, 110 சதவீதம். செலவு 95 என்றால் 5இலிருந்து 15.5 ஆகிறது, 210 சதவீதம். அதே 20, அதே 10. விடை மட்டும் 30, 60, 110, 210 என்று தாவுகிறது. வகுப்பு சொன்ன 10 எந்தக் காலத்திலும் வராது. செலவே இல்லாத தொழில் என்று வைத்தால்கூட 20 வந்துவிடும்.

ஏன் தாவுகிறது என்பதைக் காட்டக் கொஞ்சம் நேரம் செலவழிப்பேன். வருவாய் என்பது செலவும் லாபமும் சேர்ந்தது. 20 சதவீதம் கூடும்போது லாபப் பங்கும் 20 கூடுகிறது, செலவுக்குப் போகவேண்டிய பங்கும் 20 கூடுகிறது. ஆனால் செலவு உண்மையில் 10தான் கூடியது. மிச்சமிருக்கும் 10 சதவீதம், அதாவது செலவின் 10 சதவீதம், லாபத்தில் போய் விழுகிறது. ஆகவே லாபத்தின் ஏற்றம் 20 கூட்டல், 10 பெருக்கல் செலவுக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம். செலவு லாபத்தைப் போல 4 மடங்கு என்றால் 20 + 40 = 60. 9 மடங்கு என்றால் 20 + 90 = 110. சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கச் சொல்வேன். செலவுக்கும் லாபத்துக்குமான விகிதம் இருக்கிறது. ரூபாய் இல்லை.

பிறகுதான் இரண்டு கூற்றுகளையும் எழுதுவேன். ஒன்று: போன ஆண்டு செலவு, வருவாயில் 80 சதவீதம். இரண்டு: போன ஆண்டு லாபம் 5 லட்சம் ரூபாய். முதல் கூற்று மட்டும் போதும். இரண்டாவதை வைத்து ஒன்றும் ஆகாது. ஆனால் வகுப்பில் பெரும்பாலோர் இரண்டும் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். 5 லட்சம் என்பது கையில் பிடிக்கிற மாதிரி ஒரு தொகை. அதைச் சும்மா விட மனம் வராது.

ஒரு பேட்சில் கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் மகன் இருந்தான். கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பையன். எழுந்து நின்றே கேட்டான்: "ரூவா தெரியாம என்ன மேடம் கணக்கு? லாபம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு கூடுச்சுன்னு சொல்ல முடியும்?"

"சரிப்பா, உங்க கடையையே எடுத்துக்க. பக்கத்துல இன்னொரு கடை, உங்க கடை மாதிரி பத்து மடங்கு. ரெண்டு கடையிலயும் நூறு ரூவாய்க்கு வித்தா எம்பது ரூவா செலவு. ரெண்டுலயும் விற்பனை இருவது ஏறுது, செலவு பத்து ஏறுது. யாருக்கு லாபம் அதிக சதவீதம் கூடும்?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் அறுவதுதான்."

"அப்ப கடை பெருசா சிறுசான்னு நான் எதுக்குக் கேக்கணும்?"

உட்கார்ந்துவிட்டான். ஆனால் மறுநாள் சும்மா வரவில்லை. வீட்டில் பேசியிருக்கிறான். "மேடம், எங்க தொழில்ல நூத்துக்கு மூணு ரூவா நின்னாலே பெருசு. உங்க சூத்திரத்துல போட்டா லாபம் முன்னூத்து நாப்பத்துமூணு சதவீதம் ஏறுது. எங்கப்பா சிரிக்கிறாரு." கணக்கு சரிதான். 97க்கு 3 என்ற விகிதத்தில் அப்படித்தான் வரும். 3 ரூபாய் லாபம் 13 ரூபாய் 30 காசு ஆகும். அவன் அப்பா சொன்னது வேறு: "விற்பனை இருவது ஏறுதுன்னா சரக்கு வெல ஏறியிருக்குன்னு அர்த்தம். அப்ப வாங்குற வெலையும் இருவது ஏறித்தானே இருக்கும்? பத்துன்னு எந்த ஊருல நிக்கும்?"

வாத்தியார் வேலையில் இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். அவர் சொன்னதில் அடுத்த கணக்கே இருந்தது. வருவாயும் செலவும் ஒரே சதவீதம் ஏறினால் லாபமும் அதே சதவீதம்தான் ஏறும். இங்கே விகிதமும் தேவையில்லை. 97க்கு 3 ஆக இருக்கட்டும், 50க்கு 50 ஆக இருக்கட்டும், இரண்டும் 20 ஏறினால் லாபம் 20 ஏறும். கேள்வியிலேயே இரண்டும் சமமாக ஏறியது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காதவர்கள் கூற்றுகளில் விகிதத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். 'வருவாய் 15 சதவீதம் கூடியது' என்ற ஒற்றைக் கூற்று அங்கே போதும் என்பதை நம்பமாட்டார்கள். விகிதம், விகிதம் என்று நான் முதல் நாள் அடித்த தம்பட்டம் என் காலையே வாரிவிடும் இடம் இது. அதனால்தான் வரிசையாக அடுத்த நாளே இதை வைக்கிறேன்.

இந்தப் பாடத்தில் தடுமாறுகிறவர்கள் கணக்கில் பலவீனமானவர்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. பொறியியல் முடித்து வருகிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் சதம் எடுத்தவர்கள், இவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். பள்ளியில் படிப்படியாக எழுதி விடையைப் பெட்டிக்குள் அடைத்தால்தான் மதிப்பெண். அந்தப் பழக்கம் எலும்பில் ஏறியிருக்கிறது. அவர்கள் ரஃப் பேப்பரை வாங்கிப் பார்ப்பேன். 80 சதவீதம் என்று தெரிந்த நொடியிலேயே கேள்வி முடிந்துவிட்டது. ஆனால் தாளில் 120, 88, 32, 12 வகுத்தல் 20, பெருக்கல் 100 என்று எல்லாம் இருக்கும். கடைசியில் 60 என்று எழுதி வட்டமும் போட்டிருக்கும். அந்த 60ஐக் கேட்டவர் யாரும் இல்லை. வங்கி முதன்மைத் தேர்வில் அந்த நேரத்தில் இன்னொரு கேள்வியைப் படித்திருக்கலாம்.

அதற்காகக் கணக்கே போடாதே என்று சொல்லவும் முடியாது. அப்படிச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. தெரியாத ராசிகள் எத்தனை, சமன்பாடுகள் எத்தனை என்று எண்ணிப் பார், சமமாக இருந்தால் போதும் என்று குறித்துவிட்டுப் போ என்பார்கள். சதவீத மாற்றத்தில் இந்த வழி குப்புறத் தள்ளும். பலகைக் கேள்வியில் தெரியாதவை இரண்டு: பழைய வருவாய், பழைய செலவு. முதல் கூற்று கொடுப்பது ஒரே சமன்பாடு. எண்ணிப் பார்க்கிறவன் போதாது என்பான். ஆனால் போதும். தனித்தனியாக இரண்டும் தெரியாவிட்டாலும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று தெரிந்தால் கேட்டது கிடைத்துவிடுகிறது. ஆகவே நான் சொல்வது இதுதான்: கேட்டதை முதலில் எழுத்துகளால் எழுது, எவ்வளவு சுருக்க முடியுமோ சுருக்கு, கடைசியில் எது தெரியாமல் நிற்கிறது என்று பார். அதற்குப் பிறகுதான் கூற்றுகளைப் படி. கூற்றை முதலில் படிக்கிறவன் கூற்று இழுக்கிற பக்கம் போவான்.

இன்னொரு தொல்லை ஞாபகம். முதல் கூற்றைப் படித்துவிட்டு இரண்டாவதுக்கு வரும்போது முதலாவதை மறக்கவேண்டும். யாராலும் முடிவதில்லை. கேள்வியில் ஏற்றம் எதையும் சொல்லாமல் லாபத்தின் சதவீத மாற்றம் என்ன என்று மட்டும் கேட்டிருப்பேன். ஒன்று: போன ஆண்டு செலவு, வருவாயில் 80 சதவீதம். இரண்டு: வருவாய் 20 சதவீதமும் செலவு 10 சதவீதமும் கூடின. இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும். ஆனால் இரண்டாவது மட்டும் போதும் என்று குறிப்பவர்கள் நிறைய. 80 என்ற எண் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, தன்னை யாரும் அழைக்காமலே வேலை செய்கிறது. முன்பெல்லாம் முதல் கூற்றின் மேல் பழைய தினத்தந்தித் தாளை ஒட்டி மறைத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து பாடத்தைத் தொடங்குவேன். ஆன்லைன் வகுப்பில் அந்த வரியை அழித்துவிடுகிறேன். தாள் ஒட்டுவதுதான் நன்றாக வேலை செய்தது. கீழே ஏதோ இருக்கிறது, அதைப் பார்க்கக்கூடாது என்ற உறுத்தல் பிள்ளைகளுக்கு இருக்கும்.

விடைகளின் வரிசையும் ஆளை அடிக்கும். ஜிமேட்டில் மூன்றாவது விடை 'இரண்டும் சேர்ந்து', நான்காவது 'தனித்தனியாக ஒவ்வொன்றும்', ஐந்தாவது 'போதாது'. வங்கித் தேர்வுகளில் வழக்கமாக மூன்றாவதே 'ஏதாவது ஒன்று', நான்காவது 'போதாது', ஐந்தாவது 'இரண்டும் தேவை'. வங்கித் தேர்வு எழுதிவிட்டு ஜிமேட்டுக்கு வருகிறவர்கள் சரியாக யோசித்துத் தப்பான எழுத்தைக் குறிப்பார்கள். வங்கித் தேர்வில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். இதற்கு மருந்து ஒன்றுமில்லை, ஒவ்வொரு தேர்விலும் மேலே உள்ள விதியை ஒரு முறை படிப்பதுதான்.

எண்ணைக் கேட்கும் கேள்விகளைவிட ஆமாம், இல்லை என்று கேட்கும் கேள்விகள் எனக்குப் பிடிக்கும். அவற்றில்தான் இந்தப் பாடத்தின் நயம் இருக்கிறது. ஓர் உதாரணம். ஒரு பொருளின் விலையை 10 சதவீதம் ஏற்றினார்கள். விற்ற எண்ணிக்கை 10 சதவீதம் குறைந்தது. ஒரு பொருளுக்கான அடக்கம் மாறவில்லை. மொத்த லாபம் கூடியதா? முதல் கூற்று: அடக்கம், பழைய விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

மேலோட்டமாகப் பார்த்தால் பத்துக்குப் பத்து சரியாகிவிடும் என்று தோன்றும். பழைய விலை 100, அடக்கம் 60 என்று வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 40 லாபம், 50 ஆகிறது. நூறு விற்ற இடத்தில் தொண்ணூறு விற்றால் 4,000 லாபம் 4,500 ஆகிறது. 12.5 சதவீதம் ஏற்றம். அடக்கம் 20 என்றால் 8,000 லாபம் 8,100 ஆகிறது, 1.25 சதவீதம்தான். அடக்கம் 10 என்றால் 9,000 அப்படியே 9,000. அடக்கம் 5 என்றால் 9,500 லாபம் 9,450 ஆகிக் குறைந்துவிடுகிறது. அதாவது அடக்கம் பழைய விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது எல்லை. அதற்கு மேல் இருந்தால் லாபம் கூடும், கீழே இருந்தால் குறையும். கூற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்கிறது. சரியாக எவ்வளவு என்று தெரியாது. ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டது தெரிகிறது. போதும்.

இதே கூற்றை வைத்து 'லாபம் எத்தனை சதவீதம் கூடியது' என்று கேட்டால் போதாது. கேள்வியின் வால் மாறினால் விடை மாறுகிறது. அடுத்து, கூற்றை 'அடக்கம், பழைய விலையில் 9 சதவீதத்துக்குக் கீழே' என்று மாற்றுவேன். லாபம் குறைந்தே தீரும். "லாபம் கூடலையே மேடம், அப்ப போதாதுதானே?" என்பார்கள். கூடியதா என்று கேட்டால் இல்லை என்பதும் பதில்தான். உறுதியாக இல்லை என்று சொல்ல முடிந்தால் தகவல் போதும் என்று பொருள். வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினால் அதுவும் பதில், பேசாமல் இருந்தால்தான் தொல்லை என்று ஒரு முறை சொன்னேன். வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த பேட்சில் யாரும் அதில் தப்புச் செய்யவில்லை.

எண்ணே இல்லாத கேள்வியும் உண்டு. லாபத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தின் லாபம், வருவாயைவிட அதிக சதவீதத்தில் கூடியதா? ஒன்று: செலவு, வருவாயைவிடக் குறைந்த சதவீதத்தில் கூடியது. இரண்டு: வருவாயில் லாபத்தின் பங்கு, அதாவது மார்ஜின், உயர்ந்தது. இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு முகம். ஒவ்வொன்றும் தனியாகவே போதும். ஓர் எண்கூட இல்லாமல் எப்படிப் போதும் என்று கேட்பார்கள். அதற்கு நான் ஒரு கம்பெனியின் ஆண்டு முடிவுகளை எழுதிப்போடுவேன். இன்ஃபோசிஸின் வருவாய் 2022-23இல் 1,46,767 கோடி ரூபாய், நிகர லாபம் 24,095 கோடி. 2023-24இல் வருவாய் 1,53,670 கோடி, நிகர லாபம் 26,233 கோடி. வருவாய் ஏறத்தாழ 4.7 சதவீதம் கூடியது, லாபம் ஏறத்தாழ 8.9 சதவீதம். அப்படியானால் மார்ஜின் உயர்ந்திருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், 16.4இலிருந்து 17.1 ஆகியிருக்கிறது. வரி, மற்ற வருமானம் எல்லாவற்றையும் கழித்துக் கூட்டி 'செலவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அது 3.9 சதவீதம்தான் கூடியிருக்கிறது. மூன்று எண்களும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைக் கண்ணால் பார்த்த பிறகு எண் இல்லாத கேள்வியின் மேல் நம்பிக்கை வரும்.

மார்ஜினில் ஒரு பொறி வைப்பது எனக்கு வழக்கம். மார்ஜின் 10 சதவீதத்திலிருந்து 12 சதவீதம் ஆனது, வருவாய் 25 சதவீதம் கூடியது. இரண்டும் சேர்ந்தால் 1.2 பெருக்கல் 1.25, அதாவது 1.5. லாபம் 50 சதவீதம் ஏற்றம். சரி, இப்போது முதல் கூற்றை 'மார்ஜின் 2 சதவீதப் புள்ளி உயர்ந்தது' என்று மாற்றினால்? 10இலிருந்து 12 ஆகியிருக்கலாம், 20இலிருந்து 22 ஆகியிருக்கலாம். முதலாவதில் ஏற்றம் 50 சதவீதம், இரண்டாவதில் 37.5. இரண்டு கூற்றும் சேர்ந்தும் போதாது. அதையே 'இந்த ஆண்டு மார்ஜின் போன ஆண்டு மார்ஜினைப் போல 1.2 மடங்கு' என்று எழுதினால் 10ம் வேண்டாம், 12ம் வேண்டாம், மறுபடி போதும். மூன்று வாக்கியங்களும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான். ஒரு மணி நேர வகுப்பை இந்த மூன்றை வைத்தே ஓட்டிவிடலாம், ஓட்டியிருக்கிறேன்.

எதன் மேல் சதவீதம் என்ற குழப்பமும் பள்ளியிலிருந்தே கூட வருகிறது. பாடப்புத்தகத்தில் லாப சதவீதம் அடக்க விலையின் மேல். கம்பெனிக் கணக்கில் மார்ஜின் விற்பனையின் மேல். லாபத்தின் மாற்றமோ போன ஆண்டு லாபத்தின் மேல். அடக்கத்தின் மேல் 25 சதவீத லாபமும் விற்பனையின் மேல் 20 சதவீத லாபமும் ஒன்றே. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இதைச் சொன்ன பிறகும் ஒரு முறை எழுதிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நட்டம் வந்தால் இந்த வித்தை மொத்தமும் படுத்துவிடும். போன ஆண்டு 2 லட்சம் நட்டம், இந்த ஆண்டு 1 லட்சம் லாபம். சூத்திரத்தில் போட்டால் கழித்தல் 150 சதவீதம் என்று வரும். நிலைமை நன்றாகியிருக்க, எண் சரிவைக் காட்டும். அதனால்தான் ஒழுங்கான வினாத்தாளில் இரண்டு ஆண்டும் லாபம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் கேள்வி எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வகைக் கேள்விக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு காலத்தில் இருந்து, 1974இல் எடுக்கப்பட்டது. ஜிமேட் விடவில்லை. 2023 நவம்பரில் வந்த புது ஜிமேட்டில் கணிதப் பகுதியிலிருந்து பிடுங்கி, 45 நிமிடத்தில் 20 கேள்வி கொண்ட டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதியில் நட்டிருக்கிறார்கள். அங்கே திரையில் கால்குலேட்டரும் உண்டு. கணிதப் பகுதியில் கிடையாது. கணக்கே போடத் தேவையில்லாத கேள்விக்குக் கால்குலேட்டர் தருகிறார்கள் என்று நானும் மாணவர்களும் சிரித்துக்கொள்வோம். அட்டவணைக் கேள்விகளுக்காகக் கொடுத்தது என்பது தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்காது. 80 சதவீதம் என்று படித்ததும் தட்டத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி எழுதுவது வேறு வேலை. பதில் சொல்லுவதைவிடப் பொறுமை வேண்டும். நான் முதலில் ஒரு முழு நிறுவனத்தைத் தாளில் உருவாக்கிவிடுவேன்: இரண்டு ஆண்டு வருவாய், இரண்டு ஆண்டு செலவு, லாபம், மார்ஜின். பிறகு அதிலிருந்து இரண்டு துண்டுகளைக் கிழித்துக் கூற்றாக்குவேன். ஒரே நிறுவனத்திலிருந்து கிழித்ததால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாது. நல்ல தேர்வில் முரண்படவே கூடாது. ஒன்று தனியாக ஒரு விடையும் இன்னொன்று தனியாக வேறு விடையும் தந்தால் அப்படியொரு நிறுவனமே உலகில் இல்லை என்றாகிவிடும். 'ஒவ்வொன்றும் தனியாகப் போதும்' என்ற விடைக்குக் கேள்வி எழுதுவதுதான் கடினம். வேறு வேறு வழியில் வந்து ஒரே எண்ணில் முடியவேண்டும், பார்த்ததும் தெரியவும் கூடாது.

ஒரு மாணவி கடையில் வாங்கிய கைடு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் இதே 20, 10 கேள்வி. ஒன்று: போன ஆண்டு லாபம், செலவில் 25 சதவீதம். இரண்டு: போன ஆண்டு லாபம், வருவாயில் 25 சதவீதம். விடை: ஒவ்வொன்றும் தனியாகப் போதும். அவள் நான் சொன்னதை மீறி, வேண்டுமென்றே கடைசிவரை கணக்குப் போட்டிருந்தாள்.

"மொதல்ல அறுவது வருது மேடம், ரெண்டாவதுல அம்பது வருது. எது மேடம் சரி?"

"ரெண்டும் தனித்தனியா சரிம்மா. கேள்விதான் தப்பு."

"எங்க மாத்தணும்?"

"நீயே பாரேன்."

கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டாவது கூற்றில் இருந்த 25ஐ அடித்து 20 என்று எழுதினாள். இப்போது இரண்டிலும் 60 வந்தது. விடையும் அப்படியே நின்றது. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த முகவரிக்கு ஒரு கார்டும் போட்டாள். அடுத்த ஆண்டு புதுப் பதிப்பு வந்ததும் தங்கைக்கென்று வாங்கியவள், அந்தப் பக்கத்தை என்னிடம் திறந்து காட்டினாள். 25 அப்படியே இருந்தது. விலை மட்டும் ஏறியிருந்தது.